கேட்டது ஒன்று, விளங்கியது வேறொன்று



நாங்கள் இந்நாட்டுக்கு வந்த புதிதில், 1990களின் தொடக்கத்தில், மூத்த பிள்ளையின் பாலர் பாடசாலையில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. மாலையில் ஒன்றுகூடல், குடும்பத்தோடு வாருங்கள், வரும்போது 'ஒரு பிளேட்' கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தது. பாவம், பாடசாலையில் தட்டுகள் போதாது போலும் என்று நினைத்துக்கொண்டோம். ஒன்று கேட்டவர்களுக்கு நான்காகக் கொடுப்போமே என்று, ஊரில் இருந்து கொண்டுவந்த நான்கு எவர்சில்வர் தட்டுகளைத் துலக்கித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனோம். அங்கே மேசை நிறையப் பலகாரம். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது செய்து தட்டில் கொண்டுவந்திருந்தது. எங்களுடைய நான்கு தட்டுகள் மட்டும் வெறுமையாகப் பளபளத்தன. இந்நாட்டு வழக்கில் பிளேட் கொண்டுவருவதென்றால் அதில் உணவோடு வருவது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டே அந்தத் தட்டுகளிலேயே எங்களுக்குப் பலகாரம் வைத்துத் தந்தார்.

இதை வாசிக்கும் அன்பர்கள் சிலர், தமக்கும் இப்படி நடந்ததென்று சிரித்துக்கொள்வீர்கள். அயலவர் 'டீக்கு வாருங்கள்' என்று அழைக்க, தேநீர்தானே என்று இரவுச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே முழு விருந்தைக் கண்டு திகைத்தவர்களும் நம்மிடையே உண்டு.

சொல்லின் பொருள் தெரியாமல் வரும் இத்தகைய பிழைகள் பெரிய தீங்கு செய்வதில்லை. புதிய ஊர், புதிய பாஷை. நமக்குத் தெரியாது என்பது நமக்கே தெரியும். அடுத்தமுறை கேட்டு அறிந்துகொண்டு போவோம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சொல்லும் தெரியும், சொல்பவரையும் தெரியும், அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதும் தெரியும் என்று நாம் நம்பியிருக்கும் இடத்திலேதான் அது இருக்கிறது. அங்கே நாம் எதையும் கேட்டு அறிவதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

தொடர்பாடல் பிழைத்துவிட்டால், சொன்னவர் தெளிவாகச் சொல்லவில்லை என்போம், அல்லது கேட்டவர் காது கொடுக்கவில்லை என்போம். வாயும் காதும் சரியாக இருந்தும் பேச்சுப் பிழைத்துப் போவதுண்டு. கேட்பவர் மனத்தில் முன்பே ஒரு படம் வரையப்பட்டிருக்கும். வருகின்ற சொற்கள் எல்லாம் அந்தப் படத்துக்குள் போய்ப் பொருந்திக்கொள்ளும். இதை ஆங்கிலத்தில் மைன்ட்செட் என்கிறார்கள். நாம் மனப்பாங்கு என்போம். அதன் வலிமையை அறிய வெகுதூரம் தேடவேண்டியதில்லை. நமது ஒக்லண்டில் இருந்து புறப்பட்ட ஒரு விமானத்தின் கதையே போதும்.

எரெபஸ் மலையில் நடந்தது

1979 நவம்பர் 28ஆம் திகதி காலை, எயார் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் ஒன்று 237 பயணிகளோடும் 20 பணியாளர்களோடும் ஒக்லண்டில் இருந்து புறப்பட்டது. அந்தாட்டிக்காவின் பனிவெளியை மேலிருந்து பார்த்துவிட்டு, அங்கே தரையிறங்காமல் திரும்பி, கிறைஸ்ட்சேர்ச் வழியாக அன்றிரவே வீடு வந்து சேரும் சுற்றுலாப் பயணம் அது. 1977 முதல் இத்தகைய பயணங்கள் நடந்து வந்தன. அன்று நண்பகலுக்குப் பின், 3,794 மீற்றர் உயரமான எரெபஸ் எரிமலையின் அடிச்சரிவில் அவ்விமானம் மோதியது. 257 பேரும் இறந்தனர். உடல்களை அடையாளம் காண முடியாமற் போனவர்கள் வைக்குமெற்றே மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அங்கே போய் வந்த நம்மவர் சிலர் அந்த நினைவிடத்தைக் கண்டிருப்பீர்கள்.

விமானத்தில் எந்த இயந்திரக் கோளாறும் இல்லை. விமானிகள் அனுபவம் மிக்கவர்கள். அப்படியானால் என்ன நடந்தது?

விமானம் செல்லவேண்டிய பாதை அதன் கணினியில் எண்களாகப் பதியப்படும். 1978இல் பாதைகளைக் கணினிக்கு மாற்றியபோது, நிறுவனத்தின் விளக்கப்படி, ஓர் எண் பிழையாகத் தட்டச்சாகிவிட்டது. அதனால் பாதையின் தெற்கு முனை ஏறத்தாழ 27 மைல் மேற்கே தள்ளிப் போயிற்று. அதன் பலனாக, பாதை மலைக்கு மேலாக அமையாமல், அதற்கு மேற்கே உள்ள மக்மேர்டோ நீரிணையின் சமதளமான பனிக்கடலுக்கு மேலாக அமைந்தது. ஓராண்டுக்கு மேலாக அப்படியே இருந்தது. கப்டன் ஜிம் கொலின்ஸும் துணை விமானி கிறெக் கசினும் நவம்பர் 9ஆம் திகதி பெற்ற விளக்கவுரையில் கண்டதும் இந்த எண்களையே. பயணத்துக்கு முதல்நாள் இரவு கொலின்ஸ் தம் வீட்டில் வரைபடத்தை விரித்து வைத்து அந்தப் பாதையைக் குறித்துப் பார்த்தார். அவ்வளவு கவனமான மனிதர் அவர்.

இதற்கிடையில் நவம்பர் 14ஆம் திகதி அங்கு பறந்து வந்த வேறொரு கப்டன், பாதையின் முனை மக்மேர்டோ தளத்தில் இருந்து விலகி இருப்பதைக் கவனித்து, மேலாளர் ஒருவரிடம் சொன்னார். பின்னால் விசாரணையில் வெளிவந்தது இது: சொன்னவர் கருதியது, 'மற்ற விமானிகளுக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்' என்பது. கேட்டவர் விளங்கிக்கொண்டது, 'இந்த எண்ணைத் திருத்த வேண்டும்' என்பது. திருத்திய பிரிவினர் தங்கள் கையில் இருந்த எண் சரியானது என்று நம்பியிருந்தபடியால், தாம் செய்வது ஏறத்தாழ 2 மைல் அளவான சிறு மாற்றமே என்று எண்ணியதாகச் சாட்சியம் அளித்தனர். சிறு மாற்றத்தை யாரிடம் போய்ச் சொல்வது? 28ஆம் திகதி அதிகாலையில் எண் மாற்றப்பட்டது. சில மணி நேரத்தின் பின் விமானத்தில் ஏறிய கொலின்ஸிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே செய்தி மூன்று மனங்களைக் கடந்து போனது. மூன்று பேரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரவர் மனத்தில் இருந்த படத்துக்குள் செய்தி பொருந்திக்கொண்டது, அவ்வளவுதான். பொருந்திவிட்டதால் எவருக்கும் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளை இருள்

இனி விமானிகள் கண்டதைப் பார்ப்போம். மேகத்தின் இடைவெளியால் கீழே இறங்கியபோது அவர்களுக்கு முன்னே பரந்த வெள்ளைவெளி தெரிந்தது. இருபுறமும் கறுத்த பாறை நிலங்கள் தெரிந்தன. மக்மேர்டோ நீரிணையில் பறந்தால் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படியே தெரிந்தது. உண்மையில் அது மலையடிவாரத்தில் உள்ள வேறொரு குடா. முன்னே தெரிந்த வெள்ளைவெளி, சமதளம்போல் தோன்றிய மலைச்சரிவு. மேலே மேகம் முழுவதும் மூடி, கீழே பனி முழுவதும் பரந்து, நிழல் ஒன்றும் விழாத வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விமானத்துறையில் இதை வைற்அவுட் என்கிறார்கள். அதே நிறுவனத்தின் மூத்த விமானியாக இருந்த கோர்டன் வெற் என்பவர் இந்த மாயத்தோற்றத்தை ஆராய்ந்து விளக்கினார். கண் தெரியாதபோது மனம் நிரப்பிக் கொடுக்கிறது, மனம் எதிர்பார்த்திருப்பதையே நிரப்பிக் கொடுக்கிறது என்பது அவர் ஆய்வில் இருந்து நாம் பெறும் பாடம்.

மக்மேர்டோ தளத்தோடு குறுந்தூர வானொலித் தொடர்பும் சரியாகக் கிடைக்கவில்லை. இடையில் மலை நின்றதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. சமதளத்துக்கு மேலாகப் பறக்கிறோம் என்று உறுதியாக நம்பியிருப்பவருக்கு அந்த மௌனம் ஓர் எச்சரிக்கையாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூடுபனிக்குள் அகப்பட்ட விமானிக்குத் தன்னால் பார்க்க முடியவில்லை என்பது தெரியும். அவர் மேலே ஏறிவிடுவார். வைற்அவுட்டில் அகப்பட்டவருக்கோ, எல்லாம் தெளிவாகத் தெரிவதாகவே தோன்றும். மறைப்பு இருப்பதே மறைந்துவிடுகிறது.

நமது சைவ சித்தாந்தத்தோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தை விளக்கும்போது இருளோடு ஒப்பிட்டு ஒரு வேறுபாடு காட்டுகிறார். சாதாரண இருள் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருள் என்பதை மறைக்காது. இருட்டறையில் இருப்பவன் இருட்டாக இருக்கிறதென்று சொல்லி விளக்கைத் தேடுவான். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். ஆணவம் என்றவுடன் தலைக்கனம், பெருமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவர் சொல்வது அதைவிட நுட்பமானது. அடக்கமானவர், நல்லவர், கவனமானவர் எவருக்கும் அது உண்டு. தனக்கு மறைப்பு இருக்கிறதென்று அறியாமல் இருப்பதே அதன் அடையாளம்.

ஆகவே 'நான் திறந்த மனத்தோடுதான் கேட்கிறேன்' என்று ஒருவர் சொல்வது எதற்கும் அத்தாட்சி ஆகாது. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீதியரசருக்கும் நேர்ந்தது

விபத்தின் பின்னும் இதே கதை தொடர்ந்தது. 1980 ஜூனில் வெளிவந்த விபத்து விசாரணை அதிகாரியின் அறிக்கை, கப்டனின் முடிவையே காரணமாகக் காட்டியது. இறந்தவர் வந்து மறுமொழி சொல்ல முடியாது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சொல்லோடு வாழ வேண்டியதாயிற்று.

அரசு பின்னர் நீதியரசர் பீற்றர் மாஹனைத் தனியொருவர் ஆணைக்குழுவாக நியமித்தது. அவர் அந்தாட்டிக்கா வரை நேரில் சென்று பார்த்தார். 1981 ஏப்பிரலில் தந்த அறிக்கையில், விமானிகளுக்குச் சொல்லாமல் எண்ணை மாற்றியதே விபத்தின் முக்கிய காரணம் என்றும் விமானிகள் மீது குற்றமில்லை என்றும் கூறினார். ஒரு மனிதர் தாம் எதிர்பார்ப்பதை எப்படிக் கண்ணாரக் காண்கிறார் என்பதை அவரைப்போல் விளங்கிக்கொண்ட நீதிபதி அரிது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அதே அறிக்கையில் அவர், நிறுவனத்தின் அதிகாரிகள் ஒன்றுசேர்ந்து உண்மையை மறைத்ததாகக் கடுமையான சொற்களில் எழுதியிருந்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1981 டிசம்பரில் இதை ஏற்க மறுத்தது. 1983இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அந்தக் குற்றச்சாட்டை உரியவர்கள் முன் வைத்து அவர்கள் பதிலைக் கேளாமல் முடிவெடுத்தது இயற்கை நீதிக்கு மாறானது என்பது அவர்கள் காட்டிய காரணம். விபத்தின் காரணம் பற்றிய அவர் முடிவை அம்மன்றங்கள் மாற்றவில்லை. ஆயினும் பிறர் மனத்தின் மறைப்பை அவ்வளவு தெளிவாகக் கண்ட ஒருவர், தம் முன்னால் நின்றவர்களைக் கேட்கவேண்டிய இடத்தில் கேளாமல் விட்டார் என்று தீர்ப்பாயிற்று. அவர் சரியா, நீதிமன்றங்கள் சரியா என்று இந்நாட்டில் இன்றும் விவாதிக்கிறார்கள். நமக்கு வேண்டிய பாடம் இது: இந்த நோயைப் பற்றி நன்றாக அறிந்திருப்பது, இந்த நோய் வராமல் காக்கும் மருந்தாகாது. இக்கட்டுரையை எழுதும் எங்களுக்கும் அது பொருந்தும்.

2019 நவம்பர் 28ஆம் திகதி, 40ஆம் ஆண்டு நினைவின்போது, அப்போதைய பிரதமர் ஜெசின்டா ஆர்டெர்ன் அரசின் சார்பில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 வருடம் என்பது ஒரு பிள்ளை வளர்ந்து, தானும் பிள்ளை பெற்று, நரைகண்டுவிடும் காலம்.

ஏலாது

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். மகனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

அவன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து திரும்பி மோட்டார்வேயில் வந்துகொண்டிருக்கையில், பின் ஆசனத்தில் இருந்து, "அப்பா, எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றான். நாங்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கினோம். "எங்கடை காலத்திலை ஷெல் விழேக்கையும் பங்கருக்குள்ளை புத்தகத்தோடை இருந்தனாங்கள். குப்பிவிளக்கிலை படிச்சனாங்கள். உனக்கு இஞ்சை என்ன குறை, ராசா? கொஞ்சம் முயற்சி செய்தால் எல்லாம் ஏலும்." நாங்கள் கோபத்தில் பேசவில்லை. அன்போடு, ஊக்கம் கொடுப்பதாக எண்ணியே பேசினோம். அவன் "சரி" என்றான். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நன்றாகக் கதைத்தோம் என்ற திருப்தியோடு நாங்கள் அன்று நித்திரைக்குப் போனோம்.

மூன்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அவன் பல வாரங்களாகச் சரியாக உறங்கவில்லை, வகுப்புக்கும் போகவில்லை, தனியே அறைக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறான் என்று. நல்லவேளையாக ஒரு நண்பன் அவனை வைத்தியரிடம் கூட்டிச் சென்றான். "அம்மா அப்பாவிடம் சொன்னீரா?" என்று வைத்தியர் கேட்டபோது, அவன், "சொன்னேன்" என்றானாம்.

சொன்னான்தான். நமது யாழ்ப்பாணத் தமிழில் 'ஏலாது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. செய்ய முடியாது என்பது ஒன்று. உடம்புக்குச் சுகமில்லை என்பது மற்றது. இங்கே வளர்ந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழில், அதுவும் நம்முடைய ஊர்ச் சொல்லைத் தேடி எடுத்து, சரியாகவே சொல்லியிருக்கிறான். ஊர்த் தமிழில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு மொழி காரணமில்லை. 'படிப்பு என்றால் முயற்சி, முயற்சி செய்தால் முடியும், முடியாதென்றால் சோம்பல்' என்ற பாதை, யுத்தத்தில் இருந்து தப்பி வந்த எங்கள் மனத்தில் எண்களாகப் பதிந்து கிடந்தது. அந்தப் பாதை எங்களை ஒருகாலத்தில் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவன் நின்ற இடத்தில் மலை இருந்தது.

அவன் தேறி, வேறு துறை படித்து, இன்று நன்றாக இருக்கிறான். அவனிடம் நாங்கள் வாய்திறந்து மன்னிப்புக் கேட்க 8 வருடம் எடுத்தது. அரசாங்கம் 40 வருடம் எடுத்ததென்று குறைசொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

குறிப்பறிதலும் அதன் மறுபக்கமும்

'அப்படியானால் மனத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு கேட்கவேண்டும்' என்று சிலர் சொல்வார்கள். அது நடவாத காரியம் என்பது எங்கள் எண்ணம். முன்னறிவு இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் விளங்காது. அம்மம்மா, "எனக்கு ஒண்டும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றால் அவவுக்குப் பசிக்கிறது என்று அறிவது மனப்பாங்கினால்தான். சொல்லாததைக் குறிப்பால் அறிவதை நமது மரபு உயர்ந்த திறனாகப் போற்றுகிறது. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார்.

அந்தத் திறனுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. குறிப்பறிந்து பழகியவர், பிறர் வாய் திறக்குமுன் 'நீ என்ன சொல்ல வாறாய் எண்டு எனக்குத் தெரியும்' என்று முடித்துவிடுவார். ஒரு பொதுக்கூட்டத்தில் நாங்கள் கண்டது இது. அறிவித்தல்களை ஆங்கிலத்திலும் சொன்னால் என்ன என்று ஓர் இளைஞர் கேட்டார். 'தமிழை விட்டுவிடுவோம்' என்று அவர் சொன்னதாகப் பெரியவர்கள் கேட்டார்கள். பெரியவர்கள் தமிழின் பெருமையை எடுத்துச் சொன்னார்கள். 'உங்களுக்கு இங்கே இடமில்லை' என்று அவர்கள் சொன்னதாக இளைஞர் கேட்டார். அரைமணி நேரம் இருபகுதியும் சொல்லாத ஒன்றுக்காக வாதாடினார்கள். தன் அம்மாவுக்குத் தமிழ் அறிவித்தல் விளங்கும், மனைவிக்கு விளங்காது, இருவரையும் சேர்த்துக் கூட்டிவர விரும்புகிறேன் என்பதே அந்த இளைஞர் சொல்ல வந்தது. கூட்டம் முடிந்தபின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைத்தபோதுதான் தெரிந்தது.

திரும்பச் சொல்லிப் பார்த்தல்

மனத்தை வெறுமையாக்க முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். விமானத்துறை இதற்கு ஓர் எளிய பழக்கத்தை வைத்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன கட்டளையை விமானி திரும்பச் சொல்வார். கோபுரத்தில் உள்ளவர் அதைக் கேட்டு, பிழையிருந்தால் திருத்துவார். விளங்கியதா என்று கேட்டால் எவரும் விளங்கியது என்றே சொல்வார். என்ன விளங்கியது என்று சொல்லச் செய்தால்தான் உண்மை தெரியும்.

அதுவும் தனியே போதாது. 1977 மார்ச் 27ஆம் திகதி ஸ்பெயினின் ரெனரீஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தில் ஒரு விமானத்தின் மூத்த கப்டன் ஓட்டத் தொடங்கிவிட்டார். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருக்குப் பின்னால் இருந்த பொறியியலாளர் சந்தேகத்தோடு கேட்டார். கப்டன் ஆம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இளையவர் மேலே பேசவில்லை. இத்தகைய விபத்துகளின் பின்னரே, கீழ்நிலையில் உள்ளவர் தயங்காமல் கேட்கவும், மேல்நிலையில் உள்ளவர் நின்று பதில் சொல்லவும் விமானப் பணியாளருக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

நமது வீடுகளில் அந்தப் பின் ஆசனத்தில் இருப்பவர் யார்? பிள்ளைகள். சில வீடுகளில் மருமக்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் வயதான தாய் தந்தையர். 'பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசாதே' என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதில் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் கேட்பதும் மறுத்துப் பேசுவதும் ஒன்றல்ல என்பதைப் பெரியவர்களாகிய நாமே முதலில் காட்டவேண்டும். சிறியவரால் அதைத் தொடங்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறோம். பிள்ளை ஒன்றைச் சொன்னால், புத்திமதி சொல்லுமுன், "நீ சொன்னது எனக்கு இப்படி விளங்கினது, சரியோ?" என்று எங்கள் சொல்லில் திரும்பச் சொல்கிறோம். பாதிக்குமேல் "இல்லை" என்றே பதில் வருகிறது. இரண்டாவது, ஒரு ஒழுங்கை மாற்றினால், அது சிறு மாற்றம் என்று தோன்றினாலும், உரியவருக்குச் சொல்லிவிடுகிறோம். நமக்கு 2 மைல் என்று தெரிவது அவருக்கு 27 மைலாக இருக்கலாம். மூன்றாவது, ஒருவர் திடீரென்று மௌனமானால், அவர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதில்லை. இடையில் ஏதோ மலை நிற்கிறதோ என்று பார்க்கிறோம். மூன்றையும் எப்போதும் கடைப்பிடிக்கிறோம் என்று சொன்னால் பொய்யாகும். மறந்துபோனால் மகன் நினைவூட்டுகிறான். அப்போது கோபம் வருவதும் உண்டு.

அந்த நான்கு எவர்சில்வர் தட்டுகள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றில் சாப்பிடுகிறார்கள். அன்று அவற்றை வெறுமையாகக் கொண்டுபோனதற்காக நெடுநாள் வெட்கப்பட்டோம். விருந்துக்கு நிறைந்த தட்டோடு போவது இந்நாட்டு மரியாதை, அதை நாம் கற்றுக்கொண்டோம். பிள்ளை வந்து பக்கத்தில் இருந்து ஏதோ சொல்லத் தொடங்கும்போது மட்டும், தட்டில் கொஞ்சம் இடம் விட்டுவைத்தால் நல்லது.

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொன்னதை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்னீர்களா என்பதை அவரிடமே கேளுங்கள்.